இரும்பேந்திய மாதர்

உடலுரம் ஆடவர்க்கு உரியது, மென்மை மகளிர்க்கு உரியது என்னும் பாகுபாடு உலகில் நெடுங்காலம் ஆட்சி செலுத்திவந்த ஒன்றாகும். ஆயினும் அது எல்லாப் பெண்களையும் ஒரே வகையாகக் கட்டிவைத்ததில்லை. உரலில் உலக்கையோச்சுபவளையும், கிணற்றில் நீரிறைப்பவளையும், மலைச்சரிவிலே கொழுந்துக்கூடை சுமப்பவளையும் பார்த்து, பாரந் தூக்காதே, பெண்மை கெடும் என்று எவரும் தடுத்ததில்லை. உழைத்துப் பிழைக்கவேண்டாத குடும்பத்துப் பெண்ணுக்கே அந்த எச்சரிக்கை வழங்கப்பட்டது. அவளுடைய கரம் மெலிந்திருத்தல், அவளுடைய வீட்டில் வேலையாட்கள் உளர் என்பதற்கு ஒரு சான்றாக விளங்கிற்று. பழந்தமிழ்ப் புலவரோ மகளிர் தோளை மூங்கிலுக்கு ஒப்பிட்டுப் பணைத்தோள் எனப் போற்றினர். திரண்டு உருண்ட தோளே அவர்கள் கண்ணுக்கு அழகாயிருந்தது. ஆகவே, மெலிந்த கரமே அழகு என்பது எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் பொதுவான தீர்ப்பன்று.

பெண்கள் தம் விருப்பத்தாலேயே, கூலிக்காகவன்றி, உடலுரத்துக்காகவும் வடிவுக்காகவும் எடை தூக்கத் தொடங்கிய வரலாறு ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு உட்பட்டது. அதன் தொடக்கம் இங்கிலாந்திலே ஒரு விந்தையான முரண்பாட்டோடு அமைந்தது. 1836ஆம் ஆண்டிலே டொனல்ட் வோக்கர் என்பார் இலண்டனில் சீமாட்டிகளுக்கான தேகப்பயிற்சி நூலொன்றை வெளியிட்டார். இரண்டாண்டுகளுக்கு முன்னர் அவர் ஆடவர்க்கென வெளியிட்ட நூலிலே கர்லாக்கட்டைப் பயிற்சிக்கு இடமளித்திருந்தார். இக்கட்டை இந்தியாவிலிருந்து சென்றது. பயில்வான்கள் அதனைத் தோளைச் சுற்றிச் சுழற்றுவதைக் கண்ட ஆங்கிலப் படையினர் தம்முடைய பயிற்சியிலும் அதனைச் சேர்த்துக்கொண்டனர். வோக்கர் அதனைப் பெண்களுக்கு அளித்தபோது இலேசாக்கி, அழகுபடுத்தி, இந்தியச் செங்கோல் எனப் பெயர்மாற்றியளித்தார். ஆடவர் கையிலே கட்டையாயிருந்தது அரிவையர் கையிலே செங்கோலாயிற்று! பெயரிலே கிடைத்த அரசுரிமை எடையிலே கிடைக்கவில்லை.

அந்நூல் வெளிவந்த அதே காலத்தில், அதே நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களிலே பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தனர்? கரி நிறைந்த வண்டிகளைத் தாழ்ந்த குகைவழிகளிலே தவழ்ந்து இழுத்துக்கொண்டிருந்தனர். ஸ்கொத்லாந்திலோ கரிக்கூடைகளை முதுகிலே சுமந்தவாறு ஏணிகளில் ஏறிக்கொண்டிருந்தனர். 1842ஆம் ஆண்டின் விசாரணைக்குழு அறிக்கை இவற்றையெல்லாம் படங்களுடன் வெளியிட்ட பின்னரே, பெண்கள் நிலத்தடியில் வேலைசெய்வதைப் பாராளுமன்றம் சட்டத்தால் தடுத்தது. பெண்ணுடல் பாரந் தாங்குமோ தாங்காதோ என்ற வினாவுக்கு விடை சுரங்கத்திலேயே கிடந்தது. வரவேற்பறையில் இருந்தோர் அதனைத் தேடவில்லை.

அமெரிக்காவில் இம்முயற்சிக்கு முன்னோடியாய் விளங்கியவர் கதரின் பீச்சர் அம்மையார். 1823ஆம் ஆண்டிலே ஹாட்ஃபோட் நகரிற் பெண்கள் கல்விக்கூடமொன்றைத் தோற்றுவித்த இவர், தம் நாட்டு மகளிரின் உடல்நிலை குன்றியிருப்பதை எண்ணிக் கவன்றவர். ஊர் ஊராக விபரந் திரட்டி, நல்ல உடல்நலமுடைய பெண்கள் அரியரே எனக் கண்டு எழுதினார். இறுக்கிக் கட்டிய இடைக்கச்சும், காற்றோட்டமற்ற அறைகளும், உடலசைவில்லாத வாழ்க்கையுமே காரணமென்றார். 1856ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பயிற்சி நூலின் தலைப்பிலே ‘கலிஸ்தெனிக்ஸ்’ என்ற சொல் இடம்பெற்றது. அழகு, வலிமை என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. அழகும் வலிமையும் ஒரே சொல்லில் உடனுறைய முடியுமாயின் ஒரே உடலிலும் உறையலாமன்றோ? இத்துணைத் துணிவுடைய அம்மையாரே பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாமென்றும் வாதிட்டார் என்பது வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று.

பீச்சரைத் தொடர்ந்தவர் டியோ லூயிஸ். 1860களின் தொடக்கத்திற் பொஸ்டன் நகரிலே தேகப்பயிற்சி ஆசிரியர்களைப் பயிற்றும் நிலையமொன்றை அமைத்து, ஆண், பெண் இருபாலாரையும் அதிற் சேர்த்துக்கொண்டார். இரும்புக் குண்டுகளை விலக்கி மரத்தாற் செய்த இலேசான ‘டம்பெல்’களை வழங்கினார். இசைக்கேற்ப விரைவாக வீசிப் பயில்வதே அவர் முறை. 1864ஆம் ஆண்டிலே லெக்சிங்டன் என்னுமிடத்திற் பெண்கள் பாடசாலையொன்றையும் திறந்து, இடைக்கச்சைக் களைந்து குட்டைப் பாவாடையுடன் மாணவியரைப் பயிற்றினார். அவர் செய்த நன்மை பெரிது. பெண்களின் கையிலே முதன்முதல் ஒரு கருவியைக் கொடுத்து அசையச் செய்தவருள் அவர் தலையாயவர். ஆனால் அவர் விட்டுச்சென்ற ஒரு கருத்து நெடுநாள் இடர் விளைத்தது. பெண்ணுக்கு ஏற்றது மரக்கட்டை, ஆணுக்கு ஏற்றது இரும்பு என்பதே அக்கருத்து. இன்றைய கடைகளிலே பெண்களுக்கென்று இளஞ்சிவப்பு நிறந்தீட்டி அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் சின்னஞ்சிறு எடைகள் லூயிசின் மரக்கட்டைகளுக்குப் பேரப்பிள்ளைகள் எனலாம்.

பாடசாலைகளில் இவ்வாறு நடந்துகொண்டிருக்க, உண்மையான பாரத்தைத் தூக்கிய பெண்களை வேறோர் இடத்திலேதான் காணக்கூடியதாயிருந்தது. அது சர்க்கஸ் கூடாரம். ‘சாமியன்’ என்ற புனைபெயருடன் ஊஞ்சல் வித்தை காட்டிய அமெரிக்க மங்கையொருத்தியை 1901ஆம் ஆண்டிலே எடிசனின் நிறுவனத்தார் சலனப்படமாகப் பிடித்தனர். கைகளை மடித்துப் புயத்தசையைத் திரட்டிக் காட்டும் அவளுடைய நிழற்படங்களும் பலர் கையில் உலவின. அத்தசை அவள் ஊஞ்சலிலே தன் உடலைத் தானே தூக்கித் தூக்கிப் பெற்றது.

அவளினும் பெரும்புகழ் படைத்தவர் கேற்றி சண்ட்வீனா. இயற்பெயர் கதரினா புரும்பாக். 1884ஆம் ஆண்டில் வியன்னா நகரிலே பிறந்தவர். தந்தையும் தாயும் சர்க்கஸ் பலசாலிகள். ஆறடி அளவு உயரம், அதற்கேற்ற ஆகிருதி. தம் கணவரை ஒற்றைக் கையாலே தலைக்குமேல் தூக்கி நிறுத்துவது அவர் நாள்தோறும் காட்டிய வித்தை. உலகப்புகழ் பெற்ற பலசாலி சாண்டோவை எடை தூக்குவதில் வென்றமையாலேயே அவர் பெயரைப் பெண்பாலாக்கிச் சூடிக்கொண்டார் எனக் கதையொன்று வழங்குகிறது. தமிழகத்துப் பயில்வான்களும் பட்டமாகச் சூடிக்கொண்ட பெயரல்லவா அது! ஆனால் அந்தப் போட்டிக் கதை விளம்பரத்துக்காகப் புனையப்பட்டதென்றே ஆராய்ந்தோர் கருதுவர். பொய்க்கதை இன்றியே அவர் புகழ் நிற்கும். 1912ஆம் ஆண்டிலே பார்னம்-பெய்லி சர்க்கசின் பெண்கள் தமக்குள் வாக்குரிமைச் சங்கமொன்றை அமைத்தபோது சண்ட்வீனா அதன் உபதலைவியருள் ஒருவரானார். கணவனைக் கையிலேந்தும் பெண்ணுக்கு வாக்குச்சீட்டை ஏந்தும் வலிமையில்லை என்று சட்டம் கூறிய காலம் அது. அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் அவ்வுரிமையைப் பெற்றது 1920இல். இலங்கை மகளிர் பெற்றது 1931இல்.

எனினும் சர்க்கஸ் பலசாலியைக் கண்ட குடும்பப்பெண், அவளைப்போல் ஆகவேண்டும் என எண்ணினாளில்லை. அவள் ஒரு வியப்பு, பின்பற்றத்தக்க முன்மாதிரியல்லள். இந்த இடைவெளி அடைபடுவதற்கு மேலும் ஒரு தலைமுறை சென்றது.

1930ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே மேரி பகொட் ஸ்டாக் அம்மையார் பெண்களின் உடல்நலத்துக்கும் அழகுக்குமான சங்கமொன்றை நிறுவினார். முன்னர் இந்தியாவில் வாழ்ந்த காலத்தில் யோகாசனம் பயின்றவர் அவர். கடைச்சிப்பந்திகளும் தட்டெழுத்தாளரும் சிறு கட்டணஞ் செலுத்தி மாலைவேளைகளில் அவரிடம் பயின்றனர். சில ஆண்டுகளில் அங்கத்தினர் தொகை ஓரிலட்சத்தைத் தாண்டிற்று. எடைகள் அங்கு இல்லை. ஆனால் சாதாரணப் பெண் பொதுவிடத்தில், கையில்லாச் சட்டையணிந்து, வெட்கமின்றி உடற்பயிற்சி செய்யும் வழக்கம் அங்கு வேரூன்றியது. அதே ஆண்டுகளில் ஐவி றசல் என்னும் ஆங்கில மங்கை நானூறு இறாத்தலுக்கு மேற்பட்ட பாரத்தைத் தரையிலிருந்து இரு கைகளாலும் தூக்கிக் காட்டினார்.

இரும்பும் இல்லறப் பெண்ணும் மெய்யாகவே சந்தித்த இடம் ஒரு கடற்கரை. அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, கலிபோர்னியா மாநிலத்துச் சந்த மொனிக்கா நகரில், துறைமேடைக்குத் தெற்கே கிடந்த மணற்பரப்பு அது. 1930களிலே அங்கு உடற்பயிற்சிக் கருவிகளும் மேடையும் அமைக்கப்படவே, ஊஞ்சலாடுவோரும், மனிதக்கோபுரம் அமைப்போரும், எடை தூக்குவோரும் வந்து கூடினர். ‘மஸில் பீச்’, அதாவது தசைக் கடற்கரை, என்ற பெயர் அதற்கு நிலைத்தது. வார இறுதிகளில் வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

1917ஆம் ஆண்டு பிறந்தவர் அபி எவில். குழந்தைப் பருவத்திலே கொழுகொழுவென்று இருந்தமையால் ‘பட்ஜி’ என்று வீட்டார் இட்ட செல்லப்பெயர் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. பாடசாலைப் படிப்பு முடிந்ததும் தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளராய் அமர்ந்தார். மணிக்கணக்காக நாற்காலியிலிருக்கும் தொழில். உடல் பருக்கத் தொடங்கிற்று. பின்னாளில் அவர் கணவரான லெஸ் ஸ்டொக்டன் ஒரு சோடி டம்பெல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அபி முதலிற் சிரித்தார். ஆண்கள் வேலை என ஒதுக்கப் பார்த்தார். பின்னர் மெல்ல மெல்லப் பயின்றார். சில திங்களிலே உடல் இறுகி வடிவு பெற்றது. இருவரும் கடற்கரைக்குச் சென்று அங்குள்ளோருடன் சேர்ந்துகொண்டனர்.

ஐந்தடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும் ஏறக்குறைய 115 இறாத்தல் எடையும் உடைய இந்தப் பெண், 180 இறாத்தல் எடையுள்ள கணவரைத் தலைகீழாகத் தம் உயர்த்திய கைகளின்மேல் நிற்கவைத்தார். கணவரின் உள்ளங்கைகளின்மேல் ஏறிநின்று 100 இறாத்தல் இரும்பைத் தலைக்குமேல் ஏந்தினார். இப்பயிற்சிகளுக்கு ஏற்ற, உடலசைவைத் தடுக்காத இருதுண்டு நீச்சலுடை கடைகளிற் கிடைக்கவில்லை. அவருடைய தாயாரே தைத்துக் கொடுத்தார். நிழற்படக்காரர் மொய்த்தனர். 1940களின் முடிவுக்குள் 42 சஞ்சிகைகளின் அட்டையை அவருடைய படம் அலங்கரித்தது. பார்த்த பெண்கள் வியந்தது அவர் தூக்கிய பாரத்தைக் கண்டு மட்டுமன்று. பாரந் தூக்கியும் அவர் கரம் அவலட்சணமாகாது, திரண்டு வழுவழுப்பாக இருந்தமை கண்டே.

1944ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகள் ‘ஸ்ட்ரெங்த் அண்ட் ஹெல்த்’ என்னும் சஞ்சிகையிலே அவர் ‘பார்பெல்ஸ்’ என்ற தலைப்பில் எழுதிவந்தார். பாரக்கம்பியையும் அழகியையும் ஒரே சொல்லிற் குறிக்கும் சிலேடை அது. எடை தூக்கினால் ஆணுருவம் வந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு அவர் நீண்ட வாதங்களால் விடையளிக்கவில்லை. பயிற்சி பெற்ற பெண்களின் படங்களை அச்சிட்டும், அவர்களுடைய வாழ்க்கையை எழுதியும் விடையளித்தார். 1947ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், முறையான அனுமதியுடன் அமெரிக்காவின் முதலாவது பெண்கள் எடைதூக்கும் போட்டி நடைபெறச் செய்தார். அன்று அவர் தூக்கியவை அழுத்து முறையில் 100, ஒரே இழுப்பில் 105, தோளில் ஏற்றிப் பின் உந்தும் முறையில் 135 இறாத்தல். அடுத்த ஆண்டு பெண்களுக்கென்றே தனிப் பயிற்சிக்கூடமொன்றைச் சன்செட் வீதியில் திறந்தார். சந்த மொனிக்காவின் கடற்கரை மேடையை நகரசபையார் 1950களின் இறுதியில் அகற்றிவிட்டனர். ஸ்டொக்டன் அம்மையார் 2006ஆம் ஆண்டிலே தம் 88ஆம் வயதில் மறைந்தார்.

அவர் படங்களாற் காட்டியதை விஞ்ஞானம் அளவுகோலாற் காட்டப் பல ஆண்டுகள் சென்றன. 1974ஆம் ஆண்டில் ஜாக் வில்மோர் என்னும் ஆராய்ச்சியாளர், ஆண்களும் பெண்களுமான ஒரு குழுவினரைப் பத்துக் கிழமைகள் ஒரே முறையான எடைப்பயிற்சியில் ஈடுபடுத்தி அளந்து பார்த்தார். தத்தம் தொடக்க நிலையோடு ஒப்பிடுமிடத்துப் பெண்களின் வலிமை ஆண்களுடையதற்குக் குறையாமல் வளர்ந்திருந்தது. ஆனால் அவர்களுடைய கையின் சுற்றளவோ சிறிதே மாறியிருந்தது. ஆணுடலிலே தசையைப் பெருக்கும் இயக்குநீர் பெண்ணுடலில் மிகச் சிற்றளவே சுரத்தல் இதற்கு ஒரு முக்கிய காரணம். தொடக்கக் கிழமைகளிற் கூடும் வலிமையின் பெரும்பகுதி, தசையைப் பணிகொள்ள நரம்புகள் கற்றுக்கொள்வதாலேயே வருவது என்பதும் பின்னர் தெளிவாயிற்று. நூறாண்டுகளாகப் பெண்களை மிரட்டிய பூதம் அளவுநாடாவின் முன் நிற்கமாட்டாது மறைந்தது.

வேறொரு நம்பிக்கையும் அக்காலத்திலேயே உடைந்தது. மேற்கையின் பின்புறம் தொங்கும் கொழுப்பைக் கரைக்க அவ்விடத்தையே ஓயாது ஆட்டினாற் போதும் எனப் பலர் எண்ணினர், எண்ணிக்கொண்டும் இருக்கின்றனர். 1971ஆம் ஆண்டிலே கலிபோர்னிய ஆராய்ச்சியாளர் சிலர் டெனிஸ் விளையாட்டு வீரரின் இரு கைகளையும் அளந்தனர். மட்டை பிடிக்கும் கை மற்றக் கையினும் பருத்திருந்தது, தசை மிகுதியாயிருந்தது. ஆனால் தோலின்கீழ்க் கொழுப்பின் தடிப்பு இரு கைகளிலும் ஏறத்தாழ ஒன்றேயாம். ஆண்டுக்கணக்கில் அடித்த பந்துகள் அக்கையின் கொழுப்பைத் தனியே கரைக்கவில்லை! கொழுப்பை உடல் தன் முழுமையிலிருந்தே செலவிடும். இன்ன இடத்திலிருந்து எடு என ஆணையிட இயலாது. கரம் இறுகித் தோன்றுவதற்கு இரண்டு வேண்டும்: அடியிலே திரண்ட தசை, மேலே மிகாத கொழுப்பு. முன்னதை எடை தரும். பின்னதை உணவும் முழுவுடலின் உழைப்புமே தரும். மேற்கையின் பருமனிற் பெரும்பங்கு பின்புறத்து முத்தலைத் தசைக்கே உரியது. ஆகையால் முன்புறத்து இருதலைத் தசையை மட்டும் மடக்கி மடக்கிப் பயில்பவள் பாதி வேலையே செய்கிறாள். தரையிற் கையூன்றி உடலை உயர்த்துதலும், தலைக்குமேல் எடையை உந்துதலும் பின்புறத் தசைக்கும் தோளுக்கும் ஒருங்கே பயன்தருவன.

எத்துணை எடை என்ற வினாவுக்கு விடை போர்க்கால மருத்துவமனையொன்றிலிருந்து வந்தது. 1945ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைவைத்தியர் தோமஸ் டெலோர்ம், காலிற் காயமுற்ற வீரரைத் தேற்றுகையில், இலேசான எடையைப் பலமுறை தூக்கச் செய்யும் பழைய வழக்கத்தை விடுத்து, பாரமான எடையைச் சிலமுறை தூக்கச்செய்து, வலிமை கூடக் கூட எடையையும் கூட்டினார். வீரர் விரைந்து தேறினர். தாங்கும் அளவுக்கு அணித்தாகவுள்ள பாரமே தசையை வளரத் தூண்டும் என்பது இம்முறையின் சாரம். மரக்கட்டையை ஆயிரந்தடவை வீசுவதாற் களைப்பு வரும்; பத்தாந் தடவையில் இனி இயலாது எனக் கை மறுக்கும் எடையாலேயே வலிமை வரும். இவ்விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. தொடக்கத்தில் ஒருத்திக்கு அந்த எடை மூன்று கிலோவாயிருக்கலாம். ஆண்டொன்று கழித்தும் அதே மூன்று கிலோவைப் பிடித்திருப்பாளாயின் அவள் கரம் மாறாததற்கு எடையைக் குறைசொல்லலாகாது. கிழமைக்கு இரண்டு மூன்று நாள் போதும். இடையில் ஓய்வும் வேண்டும். தசை வளர்வது தூக்கும்போதன்று, தூக்கியபின் இளைப்பாறும்போதே.

போட்டி மேடையோ பெண்களுக்கு மிக மெதுவாகவே திறந்தது. ஆடவர்க்கு 1896ஆம் ஆண்டின் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே எடைதூக்கல் இடம்பெற்றது. பெண்களின் முதலாவது உலகப்போட்டி 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டேற்றோனா கடற்கரை நகரில் நடந்தது. ஒலிம்பிக் வாயில் 2000ஆம் ஆண்டில் சிட்னியிலே திறந்தது; இடையிலே கழிந்தவை 104 ஆண்டுகள். அந்த முதல் வாய்ப்பிலேயே ஆந்திரத்துக் கர்ணம் மல்லேஸ்வரி ஒரே இழுப்பில் 110, உந்துமுறையில் 130, ஆக 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக்கிற் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. 2018ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் இலங்கையின் தினுஷா கோமஸ் 48 கிலோ எடைப்பிரிவில் வெண்கலம் வென்றார்.

பதக்க மேடையை ஒருநாளும் மிதிக்காத பெண்களைப் பற்றியதே இவ்வரலாற்றில் மிகப் பயனுடைய பகுதி. மாதவிடாய் நின்றபின் பெண்ணின் எலும்பு விரைந்து தேய்கிறது, தசையும் மெலிகிறது. விழுந்தாற் கை முறிகிறது. இடுப்பெலும்பு முறிந்தவர் பலர் மீண்டும் முன்போல் நடப்பதில்லை. 1994ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார், 50க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதுடைய, உடற்பயிற்சிப் பழக்கமில்லாத பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கிழமைக்கு இருமுறை ஓராண்டு காலம் பாரமான எடைகளுடன் பயிலவைத்து, அதன் முடிவுகளை வெளியிட்டனர். டியோ லூயிசின் நகரத்திலேயே அவர் ஒதுக்கிய இரும்பு பாட்டிமாரின் கைக்கு வந்து சேர்ந்தது. ஆண்டு முடிவில் பயிலாத பெண்களின் எலும்பு சற்றுத் தேய்ந்திருந்தது. பயின்றோரின் எலும்பு தேயவில்லை. அவர்களுடைய வலிமையும் தசையும் கூடியிருந்தன. தடுமாறாது நிற்கும் ஆற்றலும் முன்னையினும் மிகுந்திருந்தது.